ஆகாரப் புத்தகம்

இன்குபேட்டரின் கைப்பிடியில் சணல் கயிற்றால் கட்டித் தொங்கவிட்ட நாற்பது பக்க நோட்டு அது. அட்டையில் ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ எழுதியிருந்தது. சேச்சி மட்டும் அதை ஆகாரப் புத்தகம் என்பாள். உள்ளே தட்டுகளில் வளரும் உயிரணுக்களுக்கு யார் ஊட்டநீரை மாற்றினாலும் அந்தத் தேதிக்கு நேரே சிவப்பு மசியில் ஒரு குறி போட வேண்டும். குறி இருந்தால் அவை சாப்பிட்டாயிற்று என்று அர்த்தம். அதற்கு மேல் யாரும் யாரையும் கேட்பதில்லை.

எண்பதுகளின் நடுவில், திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வகத்தில் சேச்சியும் நானும் ஒரே மேசையைப் பங்கிட்டுக்கொண்ட ஆராய்ச்சி மாணவிகள். நான் நாகர்கோவிலிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருந்தேன். அவள் கரமனை அக்ரகாரத்துப் பெண். என்னைவிட மூன்று வயது மூத்தவள். எல்லோரும் அக்கா என்ற பொருளில் சேச்சி என்றதால் நானும் அப்படியே அழைத்தேன். பள்ளியில் மலையாளம் படித்தவள், தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் வீட்டில் பேசும் தமிழை மலையாள எழுத்தில் மளமளவென்று எழுதுவாள். அந்த எழுத்து எனக்குத் தெரியாது. "ரெண்டு பேரும் ஒரே பாஷை பேசறோம், ஒருத்தி எழுதினா ஒருத்திக்குப் படிக்கத் தெரியல்லே" என்று சிரிப்பாள். உயிரணுக்களை அவள் கொழந்தேள் என்றுதான் சொல்வாள். காலையில் பையைக் கீழே வைக்கும் முன்பே, "கொழந்தேளுக்கு ஆகாரம் ஆச்சோடீ?" என்ற கேள்வி வந்துவிடும். இன்றும் யாராவது சாப்பிட்டாயா என்று கேட்டால் எனக்கு முதலில் அந்தக் குரல்தான் கேட்கிறது.

அவளுடைய ஆராய்ச்சி டூனிகாமைசின் என்ற மருந்தைப் பற்றியது. உயிரணுவுக்குள் உண்டாகும் புரதம் சரியாக மடிந்தால்தான் வேலை செய்யும். ஒன்பது கெஜப் புடவையைக் கொசுவம் பிசகாமல் கட்டுவது போல என்று சேச்சி சொல்வாள். பல புரதங்களில் சர்க்கரைச் சங்கிலி ஒன்று சேர்ந்தால்தான் அந்த மடிப்பு நிற்கும். இந்த மருந்து அதைச் சேரவிடாது. மடிப்பு கலைந்த புரதங்கள் குவியக் குவிய, உயிரணு கலவரப்பட்டு, நிலைமையைச் சமாளிக்க வேறொரு புரதத்தை ஏராளமாகச் செய்யத் தொடங்கும். எக்ஸ்ரே படலத்தில் அது கறுப்புப் பட்டையாகத் தெரியும். மருந்து கொடுத்த தட்டில் பட்டை விழ வேண்டும், கொடுக்காத தட்டில் விழக் கூடாது. இவ்வளவுதான் பரிசோதனை. ஆனால் வெளிநாட்டிலிருந்து அந்த மருந்து ஒரு சிறு குப்பி வந்து சேர எட்டு மாதம் ஆயிற்று. அதற்குள் அவள் வீட்டில் ஜாம்ஷெட்பூர் வரன் ஒன்று வந்துவிட்டது. இந்தப் பரிசோதனை சரியாக வந்தால் பட்டம் வாங்கும்வரை கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாம் என்று அவள் அப்பா பெரிய மனது பண்ணி ஒத்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை மருந்து சேர்ப்பதாக இருந்தது. திங்களன்று பந்த். சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது சேச்சி என்னிடம் சொன்னாள்: "அன்னிக்கு அப்பா என்னை வெளியில விடமாட்டா. உனக்கு நடக்கற தூரம்தானே? நீ போய் கொழந்தேளுக்கு ஆகாரம் மாத்திடு, கேட்டியா?"

நான் போகவில்லை. பெரிய காரணம் எதுவும் இல்லை. நல்ல மழை. விடுதியில் காலையில் சுடச்சுடப் புட்டும் கடலையும் போட்டார்கள். சாப்பிட்டுவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டவள் சாயங்காலம்தான் எழுந்தேன். மறுநாள் அவளுக்கு முன்னால் ஓடிப்போய்ப் பார்த்தால், சிவப்பாக இருக்க வேண்டிய ஊட்டநீர் புளித்து மஞ்சளாகிக் கிடந்தது. புதிதாகத் தயாரித்து மாற்ற இரண்டு மணி நேரமாவது வேண்டும். அவளுடைய பஸ் வருவதற்கோ அரை மணிதான் இருந்தது. அப்போது எனக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் தோன்றியது. ஒவ்வொரு தட்டிலும் புளிப்பை முறிக்கும் காரக் கரைசல் இரண்டு சொட்டு விட்டேன். நீர் மறுபடி சிவந்தது. ஆகாரப் புத்தகத்தில் திங்கட்கிழமைக்கு நேரே குறியும் போட்டேன். நிறம் திரும்பிவிட்டால் எல்லாம் திரும்பிவிடும் என்று நினைத்திருக்கிறேன். ஊட்டநீரில் தீர்ந்துபோன சர்க்கரைக்கு நிறம் கிடையாது என்பது எனக்கு அன்று உறைக்கவில்லை. சேச்சி வந்தாள். தட்டுகளைத் தூக்கிப் பார்த்தாள், நோட்டைப் பார்த்துப் பென்சிலால் ஏதோ கிறுக்கினாள். பிறகு குப்பியிலிருந்த மருந்து முழுவதையும் சேர்த்து முடித்தாள்.

படலம் கழுவி வந்த நாளில் அவள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். மருந்து கொடுத்த தட்டிலும் கறுப்புப் பட்டை, கொடுக்காத தட்டிலும் அதே கறுப்பு. மருந்து கைதவறி மற்றத் தட்டிலும் விழுந்திருக்க வேண்டும் என்றார் பேராசிரியர். இன்னொரு குப்பிக்கு வழியில்லை என்றும் சொல்லிவிட்டார். சேச்சி வாதாடவில்லை. நேராகப் போய் ஆகாரப் புத்தகத்தைப் புரட்டினாள்.

"ஆகாரம் போட்டிருக்கு. நீ எழுதியிருக்கே. அப்போ தப்பு என் கையிலதான்."

பிப்பெட்டில் ஒரு சொட்டு சிந்தாத கை அது. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

மாதம் இரண்டு கழித்து, நூலகத்தில் பழைய ஆய்விதழ் ஒன்றைப் புரட்டியபோது எனக்கு விஷயம் பிடிபட்டது. சர்க்கரை கிடைக்காமல் பட்டினி கிடக்கும் உயிரணுவும் அதே புரதத்தைத்தான் செய்யுமாம். சங்கிலி கோக்கச் சர்க்கரை இல்லையென்றால் மடிப்பு எப்படி நிற்கும்? எட்டு மாதம் காத்திருந்து வாங்கிய மருந்து செய்வதை வெறும் பட்டினியும் செய்துவிடும். அவள் கை பிசகவில்லை. குப்பி இல்லாமலே அவள் ஆராய்ச்சியைத் தொடர்ந்திருக்கலாம். அன்றே கரமனை பஸ் ஏறினேன். வாசலில் பந்தல்கால் நட்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு நாலு நாள். சேச்சி மஞ்சள் பூசிய முகத்தோடு ஓடி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"கொழந்தேள்லாம் சௌக்கியமாடீ?"

"சௌக்கியம் சேச்சி" என்றேன். கொடுத்த பாயசத்தைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். அந்த ஒரு சொல்லுக்காக என்னை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஜாம்ஷெட்பூரிலிருந்து இரண்டு வருஷம் ஆங்கிலத்தில் கடிதம் எழுதினாள். பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சராக இருப்பதாகக் கடைசிக் கடிதத்தில் இருந்தது. பிறகு வீடு மாறினார்கள் போலிருக்கிறது, என் கடிதங்கள் திரும்பி வந்தன. அவற்றிலும் நான் உண்மையை எழுதியிருக்கவில்லை.

ஆகாரப் புத்தகம் எழுதித் தீர்ந்தபோது நான்தான் அதை அவிழ்த்து அலமாரியின் அடித்தட்டில் போட்டேன். பார்க்கச் சகிக்கவில்லை. அதே ஆய்வகத்தில் வேலை கிடைத்து, இந்த ஊரிலேயே தங்கி, காய்கறிக் கடைப் பலகையிலும் பஸ் பலகையிலும் எழுத்துக்கூட்டி மலையாளம் படித்துக்கொண்டேன். ஓய்வு பெற்ற வாரம் அலமாரியைக் காலி செய்தபோது நோட்டு கையில் வந்தது. அந்தத் திங்கட்கிழமையைத் தேடினேன். என் சிவப்புக் குறி மங்கியிருந்தது. பக்கத்தில் அவள் பென்சிலால் கிறுக்கியது அப்படியே இருந்தது. மலையாள எழுத்தில், அவள் வீட்டுத் தமிழில்:

"பந்த் அன்னிக்கு மழையில நடந்து வந்திருக்கா, பாவம்."

விடுதியிலிருந்து ஆய்வகத்துக்குப் பதினைந்து நிமிஷ நடைதான். நான் வரவில்லை சேச்சி.