பீடத்தைச் சுற்றி வந்த அம்மா

இத்தாலியக் கிராமத் தேவாலயம் ஒன்றின் சுவரோவியத்தைப் பற்றி ஒஸ்லோப் பல்கலைக்கழகத்தில் பன்னிரண்டு பக்கம் எழுதினேன். குழந்தை இயேசுவைக் குளிப்பாட்டவிருக்கும் ஒரு பெண் தண்ணீரில் கை வைத்திருப்பாள். நான் பார்த்தது மங்கிய படம் மட்டுமே. நேரில் காணாமல் எழுதியது மூன்று வருடமாக உறுத்தியது. 2007 மே மாதம் அம்மாவுக்கு ஒரு கிழமை லீவு கிடைத்ததும் புறப்பட்டோம்.

அரெட்சோ நகரத்திலிருந்து அந்தக் கிராமத்துக்குக் காலை 9.10க்குப் பஸ். 32 கிலோமீற்றர், 55 நிமிடம், ஒருவருக்கு மூன்று யூரோ சொச்சம். திரும்பும் பஸ் 11.30க்கு. அன்று மாலையே விமானம் என்பதால் அதைத் தவறவிட முடியாது.

தேவாலயம் பூட்டிக் கிடந்தது. சாவி எதிரே ரொட்டிக் கடையில் என்று பஸ் சாரதி சொல்லியிருந்தார். கடைக்காரப் பெண் மாவுக் கையோடு வந்து திறந்துவிட்டு, இருபது நிமிடம் என்றார். ஓவியம் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

உள்ளே பருத்த கல் தூண்கள். ஒன்றின் தலைப்பில் திராட்சைக் கொடி, அடுத்ததில் இரண்டு உடலுக்கு ஒரே தலையுள்ள சிங்கம். ஒரு சாண் அகல ஜன்னல்களால் வந்த வெளிச்சத்தில் இரு பக்கச் சுவர்களையும் இரண்டு தரம் பார்த்தேன். வெறும் சுண்ணாம்பு. பத்து நிமிடம் போய்விட்டது.

அம்மா பழக்கத்தில் சப்பாத்தை வாசலிலேயே கழற்றிவிட்டிருந்தார். இப்போது கும்பிட்டபடி பீடத்தை வலம் வரத் தொடங்கினார்.

"அம்மா, இஞ்சை சுத்திறேல்லை. அது அவையின்ரை பலிபீடம்."

"கோயிலுக்கு வந்திட்டுச் சுத்தாமல் போறதோ? நீ உன்ரை படத்தைத் தேடு."

வாசலில் காத்து நின்ற கடைக்காரப் பெண்ணும் ஏதோ கத்தினார். அதற்குள் அம்மா உயரமான மரப்பீடத்துக்குப் பின்னால் மறைந்துவிட்டார்.

"பிள்ளை, ஓடி வா. இஞ்சை ஒருத்தி குழந்தைக்குக் குளிக்க வாக்கிறாள்."

பிற்காலத்தில் வைத்த அந்தப் பீடம் பழைய அரைவட்டச் சுவரை மறைத்திருந்தது. இடைவெளி இரண்டடிதான். மரியாளின் முகம் உதிர்ந்துபோயிருந்தது. தொட்டியும், குழந்தையும், சட்டைக் கையை மடித்துவிட்ட அந்தப் பெண்ணும் அப்படியே இருந்தார்கள். அந்தக் கை தூய்மையாக்கலின் குறியீடு என்று என் கட்டுரையில் எழுதியிருந்தேன்.

குழந்தைகள் வார்ட்டில் வேலை செய்யும் அம்மா உற்றுப் பார்த்தார். "சூடு பாக்கிறாள். முழங்கையாலை எல்லோ பாக்கவேணும். சொல்லு அவளுக்கு."

"ஆருக்கு?"

"சுவரிலை நிக்கிறவளுக்குத்தான்."

ஏச வந்த கடைக்காரப் பெண்ணும் எங்கள் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு நின்றார். நான்கு வருடமாகச் சாவி அவரிடம் இருக்கிறதாம். இதை அன்றுதான் பார்க்கிறாராம். இருபது நிமிடக் கணக்கை அவரே மறந்துவிட்டார். பஸ்ஸுக்கு ஓடும்போது சூடான ரொட்டி ஒன்றையும் கையில் திணித்தார். அவருக்கு நன்றி.

போகிறவர்கள் டோர்ச் கொண்டுபோங்கள். தரை குளிரும், தடித்த சொக்ஸ் போடுங்கள். பீடத்தின் பின்னால் போக, எங்களைப் போலல்லாமல், முதலில் அனுமதி கேளுங்கள்.

ஒஸ்லோவில், ட்வெய்ட்டாவிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்ததும் கட்டுரையை எடுத்தேன். ஏழாம் பக்க ஓரத்தில், 'சூடு பார்க்கிறாள்' என்று பென்சிலால் எழுதி, அம்மாவின் பெயரையும் போட்டேன்.