எதிரிக்கு ஏற்றிய சார்ஜ்

இன்று கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் என் பரம எதிரியைச் சந்தித்தேன்!

ஆன்லைன் டேப்லெட் குரூப்பில் 'ஐபேட் சிங்கம்' என்ற பெயரில் என்னோடு தினமும் மல்லுக்கு நிற்பவர். நான் 'ஆண்ட்ராய்டு அடியாள்'. அந்தப் பெயரால் என்னை ஆம்பளை என்றே நினைத்திருந்தார்.

பின் சீட்டிலிருந்து ஓர் இளைஞர் கேட்டார். "அக்கா, பவர் பேங்க் இருக்கா? சார்ஜ் தீரப் போவுது. ஒருத்தனுக்கு அவசரமா பதில் குடுக்கணும்."

திரும்பிப் பார்த்தேன். அவர் ஐபேடில் காலையில் நான் போட்ட கமெண்ட்! அதன் கீழே 'ஐபேட் சிங்கம்' பெயரில் பாதி எழுதிய பதில்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பவர் பேங்க் இல்லப்பா, இதுலேருந்து ஏத்திக்கோ" என்று என் டேப்லெட்டையும் கேபிளையும் நீட்டினேன்.

"ஆண்ட்ராய்டா..." என்று முகம் சுளித்தவர், "பரவால்லக்கா, அவசரம்" என்று செருகிக்கொண்டார்.

ஆலப்பாக்கம் தாண்டியதும் பதிலைப் போட்டார். அவர் மடியிலிருந்த என் டேப்லெட் 'டிங்' என்றது. திரையில் அவர் எழுதியதே வந்து நின்றது.

"டேய், உன் டப்பாவுல சார்ஜ் அரை நாளாவது நிக்குமாடா?"

சட்டென்று ஐபேடைக் கவிழ்த்து வைத்தார்.

"அக்கா... அது நீங்களா?"

"ஆமாம்ப்பா. நல்லா ஏறட்டும். நான் போடப்போற பதிலுக்கும் நீ பதில் போடணும்ல?"

சிதம்பரத்தில் என் டேப்லெட்டையும் கேபிளையும் திருப்பித் தந்துவிட்டு இறங்கிப் போனார். இப்போது பார்த்தால் குரூப்பில் என் கமெண்டுக்கு அவரிடமிருந்து ஒரு ஹார்ட் விழுந்திருக்கிறது.

ஆண்ட்ராய்டு மக்களே, இதை நம் வெற்றிக் கணக்கில் சேர்க்கலாமா?