கோலிக்காக நடந்த கல்யாணம்

ஆளைப் பார்த்த மாத்திரத்தில் அவன் பந்தாட்டத்தில் எந்த இடத்துக்குத் தேறுவான் என்று சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, சரி, கொஞ்சம் பெருமைக்காகத்தான். இன்றைக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு ஃபுட்பால் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறேன் என்றால், அந்தத் திறமைக்குப் பத்து வயதிலேயே அஸ்திவாரம் போட்டாகிவிட்டது. எங்கள் காலனி டீமுக்குக் கோலியைப் பிடித்துக் கொடுத்ததே நான்தான். கோலி என்றால் கோல் போஸ்டுக்குக் காவல் நிற்கிறவர். கோல்கீப்பர் என்று முழுசாகச் சொல்ல எங்கள் பக்கத்தில் யாருக்கும் பொறுமை கிடையாது.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் பின்னால், இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றின் மதிலை ஒட்டி எங்கள் காலனி. முந்தின தலைமுறை அடுத்தவர் வயலில் நாற்று நட்டது. அப்பாவின் தலைமுறை கம்பெனி பஸ் ஏறியது. கொடியில் காயும் வெள்ளைச் சட்டை சாயங்காலத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடும் என்பதால் டீம் சட்டையையே சாம்பல் நிறத்தில் தைத்துவிட்டார் அப்பா. நாங்கள் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம். கிளப்புக்குச் செயலாளர், பயிற்சியாளர், ஆள் எடுக்கிறவர், பந்துக்குக் காற்றடிக்கிறவர் எல்லாம் அவரே. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் பொடிசுகளைச் சேர்த்துவைத்துப் பழக்குவார். அதற்கு அகாடமி என்று பேர். அவித்த முட்டை கொடுப்பார்கள் என்பதால் அகாடமியில் ஆளுக்குப் பஞ்சமில்லை. அதில் ஒரே பெண்பிள்ளை நான், இடதுபக்க விங். முட்டைக்காக வரவில்லை என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன், முட்டையையும் விட்டதில்லை.

அப்பாவுக்கு ஒரு கொள்கை இருந்தது. மற்ற டீம்களெல்லாம் போட்டி நாளைக்கு மெட்ராஸிலிருந்து ஆள் கூட்டிவந்து இறக்கும். அப்பா அதை 'வாடகைக் காலு' என்பார். நம் அகாடமியில் வளர்ந்தவனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நம் காலனியில் குடியிருக்கிறவனாக இருக்க வேண்டும்.

"நம்ப ஊட்டு சோத்த துன்றவன்தான் நம்ப சட்டைய போடணும்" என்று மீட்டிங்குக்கு மீட்டிங் சொல்வார்.

கொள்கை நல்ல கொள்கைதான். கோலிதான் சரியில்லை. எங்கள் கோலி, அப்பாவின் தம்பியான என் சித்தப்பா. நைட் ஷிஃப்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டு நேராக வந்து கோல் போஸ்டில் சாய்ந்துகொள்வார். பந்து வரும்போது "ணா, பந்து!" என்று யாராவது கத்தி எழுப்ப வேண்டும். ஒவ்வொரு வருஷமும் ஈஸ்டருக்கு மறுநாள் சுற்றுவட்டாரக் காலனிகளுக்குள் ஏழு பேர் ஆட்டம் நடக்கும். ஜெயிக்கிறவர்களுக்குக் கோப்பையும் ஓர் ஆட்டுக்கிடாவும். ஒவ்வொரு வருஷமும் ஃபைனலில் நாங்கள் ஏரிக்கரைக் காலனியிடம் தோற்போம். அன்று ராத்திரி அவர்கள் வீட்டுப் பிரியாணி வாசனை காற்றில் ஏறி எங்கள் பக்கம் வரும். அந்த வாசனையில் அப்பா சாப்பிடாமல் படுத்துவிடுவார்.

ஏரிக்கரைக்காரர்களின் பலமே அவர்களுடைய கோலிதான். நெட்டையான ஆள், சத்தமே போடமாட்டார், கையில் பிசின் தடவியிருக்கிறாரோ என்று தோன்றும். அந்த டீமைக் கட்டி வளர்த்தவர் அவருடைய அப்பா. பெரிய மகனைக் கோலியாக்கி, சின்ன மகனை ஃபார்வேர்டாக்கி, ஒரு நாற்காலியும் துண்டுமாக ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு கண்ணாலேயே ஆட்டத்தை நடத்துவார்.

அப்பாவுக்குக் கடைசித் தங்கை என் அத்தை. வயர் கம்பெனியில் பேக்கிங் வேலை. ஒரு நாள் அவளை எதிர்கொண்டு அழைக்கக் கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். பார்த்தால், ஏரிக்கரைக் கோலி வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், அத்தை அதிலிருந்து எடுத்து எடுத்துத் தின்கிறாள். எதிரிக் கோலியிடம் இவளுக்கு என்ன பேச்சு? வழியெல்லாம் யோசித்துவிட்டு, வேவு பார்க்கிறாள் என்று நானே முடிவுக்கு வந்து அவளிடம் கேட்டும்விட்டேன்.

"ஆமாண்டி. எந்தப் பக்கம் வீக்குன்னு பாத்துக்கினு இருந்தேன்" என்றாள்.

"எந்தப் பக்கம்?"

"இன்னும் புடிபடல. கொஞ்ச நாளு ஆவும். யாராண்டயும் சொல்லாத."

நான் சொல்லவில்லை. டீம் ரகசியம் காப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

உண்மையில் இரண்டு குடும்பத்துக்கும் நடுவே வேறு தடை எதுவும் இல்லை. சாதி ஒன்று, மாதா ஒன்று, பந்துதான் வேறு. ஆனால் அந்தப் பந்து சாமானியப்பட்டதா! ஏரிக்கரையில் விற்கும் மீனைக்கூட அப்பா வாங்கமாட்டார். தனக்கு அங்கே ஒருவரைப் பிடித்திருக்கிறது என்று அத்தை வாய் திறந்தால் வீடு ரெண்டாகிவிடும். இதற்கிடையில் கடம்பத்தூரிலிருந்து ஒரு மாப்பிள்ளை பேச்சு வந்து, ஈஸ்டர் முடிந்ததும் பூ வைக்க வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அத்தை சோறு போட்டால் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் வாடியிருந்ததற்கு நான் வைத்த பெயர் ஃபைனல் பயம்.

ஒரு சாயங்காலம் எனக்குத் தலை பின்னிக்கொண்டே கேட்டாள்.

"நீ ஆள் எடுக்கறவளா இருந்தா யார எடுப்ப?"

"ஏரிக்கர கோலியத்தான். அதுல இன்னா சந்தேகம்?"

"நல்லாத்தான் இருக்கும். இன்னா பண்றது, வெளியாளாச்சே. நம்ப காலனி மாப்பிள்ளையா இருந்தாலாவது உங்க நைனா சேத்துக்கும்."

பின்னலை ஒரு இழுப்பு இழுத்து ரிப்பன் கட்டினாள். அந்த இழுப்பில் எனக்குப் பளிச்சென்று ஒரு யோசனை உதித்தது. அது என் சொந்த யோசனை என்று அன்றைக்குச் சத்தியம் பண்ணியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் ஆள் எடுக்கும் மீட்டிங். அப்பா சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, கேரம் காய்களை ஆட்களாக வைத்து நகர்த்துவார். சித்தப்பாவுக்கு ஒரு கறுப்புக் காய். அவர் சுவரோரம் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். நான் போய் அந்தக் கறுப்புக் காயை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சிவப்புக் காயை வைத்தேன்.

"இது ஏரிக்கர கோலி. அத்தைய அவருக்குக் கட்டிக் குடுத்துடு நைனா. நம்ப ஊட்டு மாப்பிள்ளையாயிட்டா வெளியாள் இல்ல."

அம்மா கரண்டியும் கையுமாக அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். "இந்த வாய பாரேன்! முளைச்சி மூணு எல வுடல!" சித்தப்பா விழித்துக்கொண்டு, யார் கோல் போட்டது என்று கேட்டார். அப்பா மட்டும் திட்டவில்லை. அந்தச் சிவப்புக் காயையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாள் நாஷ்டாவில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் தின்றார். மூன்றாம் நாள் அம்மாவிடம், "பையன் நல்ல ஒசரம், இல்ல?" என்றார். அம்மாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

சித்தப்பாதான் குதித்தார். "என்ன பெஞ்சுல உக்கார வெக்கணும்னா நேரா சொல்லுணா. அதுக்கோசரம் தங்கச்சிய தூக்கிக் குடுப்பியா? ஒரே பேஜாரா கீது உங்கூட!" ஒரு வாரம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. மறுவாரம் மட்டன் எடுத்த அன்று வந்துவிட்டார்.

பையன் வீட்டார்தான் பெண் கேட்டு வருவது வழக்கம். அப்பா வழக்கத்தைத் தலைகீழாக்கி, பழத்தட்டோடு ஏரிக்கரைக்குக் கிளம்பினார். யோசனை என்னுடையது என்பதால் நானும் போனேன். ஆரம்பத்தில் எல்லாம் பிரமாதமாகத்தான் போனது. கோலியின் அப்பாவான பெரியவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அத்தையைக் கோயிலில் பார்த்திருக்கிறாராம், தங்கமான பெண்ணாம், மருமகளாக வந்தால் பாக்கியமாம். எனக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். அப்போது அப்பா தொண்டையைச் செருமினார்.

"ஒண்ணே ஒண்ணு. மாப்பிள்ள எங்க காலனிலதான் குடியிருக்கணும். காலனில இருக்கறவங்கதான் எங்க டீம்ல ஆட முடியும். அது எங்க சட்டம்."

பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நீ பொண்ணு குடுக்க வந்தியா, கோலி எடுக்க வந்தியா?"

"ரெண்டுந்தான்" என்றார் அப்பா. பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

பெரியவர் விளையாட்டுக்குச் சொல்கிறாரென்று நினைத்துச் சிரித்தார். அப்பா சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "நடக்க சொல்லிக் குடுக்கறப்பவே பந்து புடிக்கவும் சொல்லிக் குடுத்தவன் நானு. எம் புள்ளைய எனக்கு எதிர்லயே நிக்க வெப்பியா?"

கதவோரம் நின்றிருந்த கோலி அப்போதுதான் வாயைத் திறந்தார். "நா போறேன் நைனா. எனக்கு அந்தப் பொண்ணுதான் வோணும்."

பெரியவர் மகனை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. "போ. போறவன் அப்பிடியே போயிடு. இந்த வாசப்படிய மிதிக்காத" என்றார்.

நான் கலரைக் குடித்து முடித்துவிட்டேன். திரும்பும் வழியெல்லாம் எனக்குக் கால் தரையில் படவில்லை. வாசலிலேயே காத்திருந்த அத்தை, அப்பா உள்ளே போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒத்துக்கினாங்களா?"

"அவரையே கூட்டிக்கினு வந்துட்ட மாதிரிதான்! இனிமே இங்கதான் இருப்பாரு, நமக்குத்தான் ஆடுவாரு. அவங்க நைனா ஊட்டுக்கே வராதன்னு சொல்லிட்டாரு!"

அத்தை என் கையை விட்டுவிட்டாள். "அத யாரு கேக்கச் சொன்னது?" என்றாள். இவ்வளவு பெரிய வேலையை முடித்துக்கொண்டு வந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? எனக்குக் கோபம் வந்துவிட்டது. அத்தை அப்பாவிடம் போய்ச் சண்டை போட்டாள், அவர் அவருடைய வீட்டிலேயே இருக்கட்டும், அவர்களுக்கே ஆடட்டும் என்று அழுதாள். சட்டம் சட்டம்தான் என்றார் அப்பா. மறுநாள் பஸ் நிறுத்தத்தில் கோலியிடமே, வேண்டாம், நீங்கள் வீட்டை விட்டு வராதீர்கள் என்று சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை.

கடம்பத்தூர்க்காரர்களுக்கு வேண்டாமென்று சொல்லி அனுப்பினார் அப்பா. அதற்கப்புறம் அவசரம் தொற்றிக்கொண்டது. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலத்தில் எங்கள் கோயிலில் கல்யாணம் கிடையாது. அது தொடங்கும் சாம்பல் புதனுக்குள் தாலி கட்டினால்தான் ஈஸ்டர் ஆட்டத்துக்கு ஆள் கிடைக்கும். பெரிய கிளப்புகளுக்கும் ஆட்களை மாற்றிக்கொள்ள ஒரு கெடு உண்டு என்று பிற்பாடு டிவியில் பார்த்தபோது, இவர்கள் என்ன புதிதாகக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண அறிவிப்பான ஓலை வாசித்தாக வேண்டுமே என்று அப்பா பங்குச் சாமியாரிடம் போய்ப் போய் நின்றார். சாம்பல் புதனுக்கு முந்தின நாள் கல்யாணம் நடந்தது. ஏரிக்கரையிலிருந்து மாப்பிள்ளையின் தம்பி மட்டும் வந்து கடைசி வரிசையில் நின்றுவிட்டுச் சாப்பிடாமல் போய்விட்டார்.

கோலி மாமா எங்கள் வீட்டை ஒட்டிய ஒற்றை அறைக்குக் குடிவந்தார். சாம்பல் சட்டை அவருக்குக் கொஞ்சம் குட்டை. ஞாயிறுகளில் அகாடமிப் பிள்ளைகளுக்கு விழுந்து பிடிக்கச் சொல்லிக்கொடுப்பார். என்னை, "விங்கு, இங்க வா" என்று கூப்பிடுவார். பூசையில் அவருடைய அப்பா அந்தப் பக்கம் முன் பெஞ்சில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். கோலி மாமா பிரசங்கம் கேட்கிற மாதிரி அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஈஸ்டருக்கு மறுநாள் நான் நினைத்தபடியே ஏரிக்கரையோடு ஃபைனல். ஒரு கோல் போட்டு முன்னால் நின்றோம். ஏரிக்கரைப் பக்கத்திலிருந்து, "மாமியா ஊட்டு கோலி! பொண்டாட்டி புடவ புடிடா!" என்று கத்தினார்கள். கோலி மாமா காது கேட்காதவர் மாதிரி நின்று, வந்ததையெல்லாம் பிடித்தார். பெரியவர் எதிர் ஓரத்தில் நாற்காலியில் இருந்தார். முடியப் போகிற நேரத்தில் எங்கள் பின்வரிசை ஆட்டக்காரர் ஒருவர் பந்தைக் கையால் தட்டித் தொலைத்தார். பெனால்டி. உதைக்க வந்தது கோலி மாமாவின் தம்பி.

அத்தை கோட்டோரத்தில் என் தோளைப் பற்றிக்கொண்டு நின்றாள். தம்பி ஓடிவந்து உதைக்கும் முன்பே கோலி மாமா வலப்பக்கம் பாய்ந்துவிட்டார். வளர்ந்ததெல்லாம் ஒரே தெருவில், தம்பியின் காலுக்கு எந்தப் பக்கம் பழக்கம் என்று அவருக்குத் தெரியாதா? பந்து நேராக அவர் நெஞ்சுக்குள் போய் அடங்கியது. விசில் ஊதிவிட்டார்கள்.

எங்கள் பக்கம் வெடித்தது. சித்தப்பா சட்டையைக் கழற்றிச் சுற்றினார், அவிழ்த்துவிட்ட கிடா மிரண்டு ஓடியது, அம்மா இடுப்பிலிருந்த என் குட்டித் தம்பியைக் கீழே விட்டுவிட்டுக் கை தட்டினாள். கோலி மாமா எழுந்திருக்கவே இல்லை. பந்தைக் கட்டிக்கொண்டு மண்ணில் குப்புறக் கிடந்தார். அவருடைய தம்பி பக்கத்தில் வந்து நின்று, குனிந்து, அவர் முதுகில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுப் போனார். எதிர்ப்பக்கம் பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நாற்காலியைக்கூட எடுக்காமல், ஏரிப் பாதையில் தனியாக நடக்கத் தொடங்கினார்.

"அத்தே! ஜெயிச்சிட்டோம் அத்தே! கத்து!"

அத்தை கத்தவில்லை. அந்தப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் தோளில் அவள் விரல்கள் வலிக்கும்படி இறுகியிருந்தன.

"சும்மா இருடி" என்றாள்.

நாங்கள் ஜெயித்தது அவளுக்கு இன்னும் உறைக்கவில்லை என்று நினைத்தேன். கையை உதறிக்கொண்டு அப்பாவிடம் ஓடினேன். அவர் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அங்கிருந்து, அத்தைக்கும் சேர்த்து, தொண்டை கட்டும்வரை நானே கத்தினேன்.