எட்டாவது புஷ்

நேற்று ஆபீஸ் வேன் படப்பை ரோட்டில் ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கியபோது, பின்பக்கம் ‘டொக்’கென்று ஒரு சத்தம். மூன்றாம் வகுப்பில் கேட்ட சத்தம்.

முடிச்சூர் ரோட்டு ஷெட்டில் அப்பா ஜீப் மெக்கானிக். ஜீப்பின் பாடி, அடிச்சட்டமான சேசிஸ் மேல் நேரடியாக உட்காராது. போல்ட் வரும் எட்டு இடத்திலும் நடுவில் ரப்பர் புஷ் வைப்பார்கள். வட்டமாக, கனமாக, புது ரப்பர் வாசனையோடு இருக்கும். எறிந்தால் வழுக்காது. பாண்டி ஆட அதைவிட நல்ல சில்லு ஏது? அப்பா வாங்கி வைத்திருந்த எட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டேன்.

அப்பா மீதி இருந்த ஏழு புஷ்ஷை மாட்டி ஓட்டிப் பார்த்தார். பள்ளத்துக்குப் பள்ளம் ‘டொக்’. நேராக ஸ்பேர் கடைக்குப் போனார்.

“இன்னா பாய், எட்டு கேட்டா ஏழு குடுத்துக்கீறே?”

“எண்ணித்தாம்பா குடுத்தேன்!”

தெருவே வேடிக்கை பார்த்தது. பாய் முகம் சுருங்கிவிட்டது. பயந்துபோய் புஷ்ஷை டூல்ஸ் பெட்டியில் போட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் அப்பா அதை எடுத்தார். மேலே சாக்பீஸ் மாவு. என்னைப் பார்த்தார், மாவைத் துடைத்தார். பள்ளிக்கு சைக்கிளில் கூட்டிப்போகும் வழியில் கடை முன்னால் இறங்கினார்.

“மன்ச்சிக்கோ பாய். எட்டும் கீது. படிக்காதவன், எண்ணத் தெரில.”

பாய் சிரித்தார். “இனிமே உம் பொண்ண எண்ணச் சொல்லு. அதான் படிக்குதே!”

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். யூனிஃபார்மோடு தரையைப் பார்த்தபடி நின்றேன்.

நேற்று வேன் நின்றதும், “அண்ணா, பின்னாடி பாடி புஷ் ஒண்ணு போயிடுச்சு” என்றேன் வேன் டிரைவரிடம்.

“உங்களுக்கு எப்படி மேடம் தெரியும்?”

“எங்கப்பா மெக்கானிக். அவருக்கு நல்லா எண்ணத் தெரியும்.”