மண் மூடிய வீட்டின் வாசல்

போன வருடம் பெருமழை ஓய்ந்த பிறகு, தெல்தெனியவுக்கு மேலேயுள்ள ஒரு மலையில் நடந்தது இது. காட்டோரச் சரிவு இடிந்து, தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருந்த லயம் ஒன்று அப்படியே புதைந்துபோயிருந்தது. மலையின் உருவமே மாறிவிட்டதால், புதிதாக வரைபடம் எடுக்க எங்கள் நில அளவைக் குழு போயிருந்தது. மடவளையிலிருந்து நானும் தினமும் போய் வந்தேன்.

வேலை முடியும் நாளில் ஒரு பெண் என்னிடம் வந்தார். அந்த லயத்தில் குடியிருந்தவர். அவருடைய கணவரின் உடல் கிடைக்கவேயில்லை, தேடுவதையும் நிறுத்திவிட்டார்கள்.

"தம்பி, எங்க வீடு எந்த எடத்துல இருந்துச்சுன்னு உங்க மெசின்ல பாத்துச் சொல்ல ஏலுமா?"

மரம், பாதை, தண்ணீர் பிடிக்கும் பீலி எதுவும் மிஞ்சாததால் அவருக்கு இடம் பிடிபடவில்லை. கையில் மெழுகுவர்த்தி வைத்திருந்தார்.

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை விழுந்தால் மண் மறுபடி சரியலாம். எங்கள் குழுத் தலைவர் மேகத்தைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார். தூறல் விழுந்தால் உடனே இறங்கிவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

மண்சரிவுக்கு முன்பு வானிலிருந்து எடுத்த படம் எங்களிடம் இருந்தது. அதைப் பெரிதாக்கிக் காட்டினேன். கூரைகளின் மேல் ஓடிய அவர் விரல் ஒரு கூரையில் நின்றது.

"இதுதான். அவரு புதுத் தகரம் போட்டாரு, அதான் பளபளங்குது."

அந்தப் புள்ளியை ஜிபிஎஸ் கருவியில் போட்டுக்கொண்டு சேற்றில் ஏறினோம். கருவி காட்டிய இடத்தில் வெறும் செம்மண்தான்.

"இங்கதான் அக்கா."

"வாசல் எந்தப் பக்கம் தம்பி?"

படத்தைத் திருப்பி, வீட்டுக்கு முன்னால் பாதை தெரிந்த பக்கமாகக் கையைக் காட்டினேன். அந்தப் பக்கமாகப் போய் நின்று மெழுகுவர்த்தி கொளுத்தினார். காற்றில் அணைந்தது. மறுபடி கொளுத்தியபோது நான் குனிந்து இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டேன். அவர் ஜெபம் சொன்னார். நான் மனதுக்குள் துஆ கேட்டேன். பிறகு, வேலை விட்டு வந்து வெளியே நின்று கூப்பிடுவதுபோல, "என்னாங்க" என்றார். அப்புறம்தான் அழுதார்.

நாங்கள் ரோட்டுக்கு வந்து சேரவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது.

"இவ்வளவு நாளும் எந்தப் பக்கம் பாத்து அழுவுறதுன்னே தெரியாம இருந்தேன் தம்பி," என்றார்.

அதன்பின் வேறு சில மலைகளையும் அளந்துவிட்டேன். ஓர் இடத்தைச் சரியாகக் காட்டுவதே ஒரு மனுஷிக்கு ஆறுதலாக இருக்கலாம் என்று எனக்குத் தெரிந்தது அந்தச் சரிவில்தான்.