இடுப்பு என்று நான் சொன்ன இடம்

இடுப்பு வளையத்தின் அடியில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு எலும்புப் புடைப்புகள் உண்டு. இஸ்கியம் என்கிற எலும்பின் அடிப்பாகம் அது. நிற்கும்போது பிட்டத்துத் தசை அதை மூடியிருக்கும். உட்கார்ந்தால் தசை விலகிவிடும். அப்புறம் உடம்பின் பாரமெல்லாம் அந்த இரண்டின் மேல்தான். பன்னிரண்டாம் வகுப்பில் இதைப் படம் வரைந்து, பாகம் குறித்து, பத்துக்குப் பத்து வாங்கினேன். பெரிய படிப்புக்காரி!

அந்த வருடம்தான் அம்மாவுக்கு வலி வந்தது. நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியில் காலையில் தரையில் உட்கார்ந்தால், வெடிகளுக்குத் திரி செருகிவிட்டுச் சாயங்காலம்தான் எழுந்திருப்பாள். இடது பக்கம் பாரம் வைக்க முடியாமல் ஒருச்சாய்த்து உட்கார ஆரம்பித்தாள். தீபாவளி சீசன் வேறு. உட்கார முடியாதவளுக்கு அங்கே வேலை கிடையாது.

விருதுநகரில் ஒரு டாக்டரிடம் போனோம். "நீயே சொல்லிரு பிள்ள. ஆம்பளை டாக்டரு, எனக்கு வாய் வராது" என்றாள் அம்மா. அறைக் கதவு திறந்தே கிடந்தது. வெளியே பெஞ்சில் என் வகுப்புப் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். என்ன செய்கிறது என்று டாக்டர் கேட்டார்.

"அம்மாவுக்கு இடுப்பு வலி சார்."

வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? குண்டி என்று சொல்லக் கூச்சமென்றால், உட்காருகிற இடம் என்றாவது சொல்லியிருக்கலாம். படித்த பெயரையாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். அவர் இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்தார், மாத்திரை எழுதினார், பெல்ட் போடச் சொன்னார்.

அந்த வெக்கையில் அம்மா பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். இடுப்பைச் சுற்றி வேர்க்குரு. பத்து நாள் கழித்து என்னிடம் கேட்டாள்: "ஏ பிள்ள, வலிக்கிறது கீழல்ல? இத எதுக்கு மேல கட்டச் சொல்றாரு?"

"எல்லாம் ஒரே எலும்புதாம்மா. படிச்ச எனக்குத் தெரியாதா?"

தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். அவளும் நம்பிவிட்டாள். சீ, அதை நினைத்தால் இன்றைக்கும் கூசிப்போகிறேன்.

அடுத்த மாதம் அவளால் அரை மணி நேரம்கூட உட்கார முடியவில்லை. சரியான பிறகு வரலாம் என்று கம்பெனியில் அனுப்பிவிட்டார்கள். சீசன் முடிய இன்னும் நாள் இருந்தது. அன்றைக்கு எங்கள் தெருவில் இருந்த நர்ஸம்மா வீட்டுக்கு அவளைக் கூட்டிப்போனேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "எங்கன வலிக்கின்னு கைய வச்சுக் காட்டுங்கக்கா" என்றார். அம்மா நேராக அந்த இடத்தில் கையை வைத்தாள். அவர் லேசாக அழுத்தினார். அம்மா அலறிவிட்டாள்.

"உக்காருற எலும்புல்ல வீங்கியிருக்கு! இம்புட்டு நாளா இடுப்புல எதுக்குக் கட்டிட்டுத் திரிஞ்சீக? டாக்டர்ட்ட இடத்தச் சொல்லலியா?"

அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: "எம்பிள்ள வெவரமாத்தேன் சொன்னா. அந்தாளுக்குத்தேன் வெளங்கல."

அன்றைக்கு டாக்டர் முன்னால் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, நான் சொன்னதைக் காதால் கேட்டவள் அவள்.