ரொட்டியின் வலது கண்

நெட்டப்பாக்கத்துப் பக்கிரிக்குப் பிள்ளைகள் மூன்று. மூத்தவள் மணியம்மாளைப் பாகூரில் கொடுத்தார்கள். நடுவில் பிறந்தது தங்கவில்லை. கடைசிதான் நம் செல்லப்பன். குத்தகை நிலத்தில் கரும்பு போடுகிறவன். ஐம்பது வயது வரைக்கும் போட்டோ என்று ஒன்றை அவன் எடுத்ததில்லை. எடுக்க வைத்தவள் அவனுடைய ஒரே மகள் மகாலட்சுமி. வில்லியனூர் ரொட்டிக்கடை வாசலில் கிடந்த நாய்க்குட்டி ஒன்றைத் தூக்கி வந்து வளர்த்தவள், கோயம்புத்தூருக்கு நர்சிங் படிக்கப் போகும்போது அதை அப்பன் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனாள். நாயின் பெயர் ரொட்டி. நிறமும் அதுதான்.

ஞாயிறுதோறும் ரொட்டியின் படம் போக வேண்டும். முதலில் போனதெல்லாம் வால், இல்லாவிட்டால் இருட்டாக ஒரு மூட்டை.

"இன்னாபா இது, நாயா கோணிப்பையா?" என்று போனில் சிரித்தாள் மகள். "நின்னுக்கினு மேலேர்ந்து புடிக்காத. அது ஒசரத்துக்குக் கீழ எறங்கு. வெளிச்சம் அது மூஞ்சில வுழணும். கண்ணு தெளிவா வந்துட்டா போதும்பா, மத்ததெல்லாம் தானா வந்துடும்."

கற்றுக்கொண்டான். காலை வெயில் வாசலில் சாய்வாக விழும்போது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குப்புறப் படுப்பான். பொறை பிஸ்கட் டப்பாவை ஆட்டினால் ரொட்டி காதைத் தூக்கிக்கொண்டு திரும்பும். அந்த நொடியில் அமுக்கிவிட வேண்டும்.

"பொண்ணு பாக்க வந்தப்போ என்னை ஒரு வாட்டியாவது இப்படிப் பாத்தியா நீ?" என்பாள் மனைவி விஜயராணி.

கரும்பு வெட்டு நடந்த அன்று, பெருச்சாளியைத் துரத்திக்கொண்டு கரும்புக் கொல்லைக்குள் பாய்ந்த ரொட்டி, வலது கண்ணில் ரத்தத்தோடு வெளியே வந்தது. கரும்புத் தோகை அறுத்திருந்தது. மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். புண் ஆறியது, ஆனால் கண்ணில் பூ விழுந்துவிட்டது. இனிப் பார்வை வராது என்றார் டாக்டர்.

மகளுக்குக் கடைசி வருஷப் பரீட்சை நெருங்கியிருந்தது. போன வருஷம் ரொட்டிக்குக் காய்ச்சல் என்று விஜயராணி வாய்தவறிச் சொன்னதற்கே, பரீட்சையைப் பாதியில் போட்டுவிட்டு பஸ் ஏறி வந்தவள் அவள்.

"இத்தச் சொன்னா இந்த வருசமும் போச்சி," என்றான் செல்லப்பன்.

பரீட்சை முடிகிறவரை புருஷன் பெண்டாட்டி இருவரும் வாய் திறப்பதில்லை என்று ஆயிற்று. அதன்பிறகு போன படமெல்லாம் ரொட்டியின் இடது பக்கம்தான். வீடியோவில் கூப்பிட்டால் டவர் இல்லை.

கடைசிப் பரீட்சைக்கு முதல் நாள் மகள் பிடித்துக்கொண்டாள். "ஏம்பா ஒரே பக்கமா புடிக்கிற? நாளைக்கி நான் எழுதப் போறேன். ரொட்டி என்னை நேரா பாக்கணும்."

செல்லப்பன் யோசித்தான். தன் சிவப்புத் துண்டை எடுத்து, வலது கண் மறைய ரொட்டிக்கு முண்டாசு கட்டினான். வெட்டு ஆட்களை மிரட்டும் மேஸ்திரி போல இருந்தது. படம் போனது.

"அய்யோ அப்பா!" என்று சிரித்துக்கொண்டே கூப்பிட்டாள். "துண்ட அவுத்துட்டு ஒண்ணு புடி."

"அவுக்க வுட மாட்டுதும்மா. அதுக்கு ரொம்பப் புடிச்சிப்போச்சி."

மறுநாள் பரீட்சை முடிந்துவிட்டது என்று மகளிடமிருந்து செய்தி வந்தது. செல்லப்பன் வாசலில் படுத்தான். படம் ஆடிவிடக் கூடாது. முழங்கை இரண்டையும் மண்ணில் ஊன்றிக்கொண்டு டப்பாவை ஆட்டச் சொன்னான். விஜயராணி ஆட்டினாள். ரொட்டி நேராகப் பார்த்தது. ஒரு கண் கருப்பட்டி, ஒரு கண் பால். அமுக்கி, அனுப்பிவிட்டு, படுத்த இடத்திலேயே கிடந்தான்.

போன் அடித்தது. அழுகைதான் முதலில் வந்தது.

"ஏம்பா சொல்லல?"

"சொன்னா வந்துருக்க மாட்ட?"

"வந்துதான் இருப்பேன்..." மூக்கை உறிஞ்சினாள். "வலிக்குதா அதுக்கு?"

"இல்லம்மா. இன்னமும் பெருச்சாளி தொரத்துது. இடது பக்கம் ஓடுனா புடிச்சிடுது. வலது பக்கம் ஓடுச்சின்னா அது பாட்டுக்குப் போயிடுது."

அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது அவளுக்கு. "இனிமே ரெண்டு பக்கமும் புடிச்சி அனுப்பு. மறைச்ச, அவ்ளோதான்." பிறகு, "ஆனா படம் நல்லா வந்துருக்குபா. கொஞ்சங்கூட ஆடல," என்றாள்.

ரொட்டி வந்து, படத்துக்கு நின்ற கூலியைக் கேட்பது போல டப்பாவை மூக்கால் தள்ளியது. எப்போதும் கொடுப்பது ஒரு பொறை. அன்று டப்பாவையே கவிழ்த்தான்.